இலக்கம் போட்டு எழுதிய பேர்கள்

கொப்பியில் என் உம்மாவின் பேர் இருக்கிறது. வீட்டு இலக்கத்தோடு, பிள்ளையின் காய்ச்சலோடு இருக்கிறது. எழுதியது நான்தான்.

நாளைக்கு வெள்ளிக்கிழமை. மூன்று மணிக்கு என்ன நடக்கும் என்று தெரியவில்லை. பக்கத்து அறையில் உம்மா புரண்டு புரண்டு படுக்கிற சத்தம் கேட்கிறது. எனக்கும் நித்திரை இல்லை. சொல்லிவிட்டால் பயம் கொஞ்சம் குறையும் என்றுதான் தொடக்கத்திலிருந்து சொல்கிறேன்.

எங்கள் ஒழுங்கை கல்முனைக் கடற்கரைக்கு இறங்குகிற ஒழுங்கைகளில் ஒன்று. ஒரு பக்கம் எங்கள் முஸ்லிம் ஆட்கள், மறுபக்கம் தமிழ் ஆட்கள். எங்கள் வாசல் படலைக்கு நேர் எதிரே சிவக்கொழுந்து அக்காவின் மூலை வளவு. சுனாமிக் கடல் அடித்த அடுத்த வருசம் யாரோ கட்டிக் கொடுத்த இரண்டு அறை வீடு, பின்னால் தகரக் கொட்டில், முன்னால் கருவாடு காயவைக்கிற பரண். அக்காவும் உம்மாவும் பன்னிரண்டு வருசமாகச் சேர்ந்து கருவாடு போடுகிறார்கள்.

கச்சான் காற்று வீசுகிற இந்த மாதங்களில்தான் வேலை மும்முரம். மேற்கே வயல்வெளியிலிருந்து வருகிற காற்று உதட்டை வெடிக்கவைக்கும், கருவாட்டை நன்றாகக் காயவைக்கும். சூடை மீனை வயிறு கீறிக் குடல் எடுத்து, உப்புப் போட்டு ஒரு இரவு பீப்பாவில் ஊறவைத்து, கழுவி, பரணில் கட்டிய பழைய வலையின்மேல் பரப்பவேண்டும். பகலில் இரண்டு தரம் புரட்டவேண்டும். உச்சியில் ஒரு தரம், மூன்று மணிக்கு வெயில் சாயும்போது ஒரு தரம். பிந்தினால் அடிப்பக்கம் வியர்த்துப் புழு வைக்கும்.

வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அக்கா மூன்று மணிக்குக் கொட்டிலுக்குள் போய்விடுவா. அங்கே ஜெபம் நடக்கும். மில்லில் நெல் புடைக்கிறவர்கள், வீடு கூட்டுகிறவர்கள் என்று பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். பாட்டும் கைதட்டும் ஒழுங்கை முழுக்கக் கேட்கும். அன்றைக்கு உம்மா எங்கள் வேலிக்குள்ளேயே இருப்பா. பாட்டு முடிந்து ஆட்கள் போன பிறகுதான் புரட்டப் போவா. அந்த நேரம் அங்கே நின்றால் யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று. பன்னிரண்டு வருசமாக வெள்ளிக்கிழமைக் கருவாடு மட்டும் ஒரு மணித்தியாலம் பிந்தித்தான் புரளும்.

அந்தக் கொப்பி தடித்த மட்டை போட்ட ஒரு பெரிய சீஆர் கொப்பி. யாருக்கு நோய் வருத்தம், யாருடைய பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சோதனை, யாருடைய புருசன் வெளிநாட்டில் தொலைந்து போனான் என்றெல்லாம் அதில் இருக்கும். ஆட்கள் வந்து கேட்பார்கள், அக்கா எழுதிவைத்து, விடியப்புறம் மீன் வாங்கப் போக முன் ஒவ்வொரு பேராகச் சொல்லி ஜெபிப்பா. அக்கா ஐந்தாம் வகுப்போடு நின்றவ. வாசிப்பா, எழுத வராது. என் எழுத்து வடிவு என்று பத்து வயதிலிருந்தே என்னைக் கூப்பிட்டுத்தான் எழுதுவிப்பா.

வீட்டு இலக்கம் கட்டாயம். அது இல்லாமல் எழுத விடமாட்டா.

"எந்த றாஹிலா எண்டு போடு புள்ள. இந்த ஒழுங்கையில மட்டும் மூண்டு றாஹிலா."

"அல்லாஹ்வுக்குத் தெரியாதா அக்கா, எந்த றாஹிலா எண்டு?"

"அவருக்குத் தெரியும். மறக்கிறது நானெல்லோ? இலக்கத்தப் போட்டாத்தான் எனக்கு அந்த வீட்டுப் படலை கண்ணுக்குள்ள வரும். படலை வந்தா ஆள் வந்திரும்."

இப்படித்தான் றாஹிலா என்ற உம்மாவின் பேரும் ஏறியது. போன தை மாத மழையில் தம்பி பஸாலுக்கு டெங்கு வந்தது. ஆஸ்பத்திரியில் நாலாம் நாள் இரத்தம் மோசமாக இறங்கிவிட்டது. உம்மா தொழுகைப் பாயை விட்டு எழும்பவே இல்லை. ஓதி ஓதிக் குரல் அடைத்துப்போய், கடைசியில் வெளி வாங்குப் பலகையில் இருந்த அக்காவிடம் வந்து, "கொழுந்து, நீயும் கேளு. ஆர் கேட்டாலும் சரி, எண்ட புள்ள எழும்பினாச் சரி" என்றா. பஸால் எழும்பினான். அல்லாஹ் சுகம் தந்தான் என்று உம்மா சொல்வா. அக்காவும் அதற்கு ஓம் என்றுதான் சொல்வா. அவர்களுக்குள் அதற்குமேல் கதை இல்லை.

ஆனால் அதைக் கொப்பியில் படிக்கிற வேறு ஆளுக்கு அப்படித் தெரியுமா? வாப்பா கட்டாரில். வாப்பாவின் கூடப் பிறந்த ராத்தா பாத்தும்மா மாமி மூன்று வீடு தள்ளி. உம்மாவுக்கும் மாமிக்கும் என்றைக்கும் சரிவராது. மாமியின் காதில் விழுந்தால் அடுத்த நிமிசம் கட்டாருக்குப் போன் கோல் போகும்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை விதானையார் வந்தார். கிராம உத்தியோகத்தரை எங்கள் பக்கம் இன்னும் விதானையார் என்றுதான் சொல்வார்கள். நாங்கள் மூன்று பேரும் மீன் கீறிக்கொண்டிருந்தோம். அவர் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு கடிதத்தை ஆட்டினார்.

"பெட்டிசம் வந்திரிக்கி. அனுமதி இல்லாம ஜெப வீடு நடத்திறீங்களாம். ஆக்கள மதம் மாத்திறீங்களாம்."

"ஆர் ஐயா எழுதின?" என்று அக்கா கேட்டா.

"அது உங்களுக்குத் தேவையில்ல. பேரப் பாரு, சிவக்கொழுந்து. கும்புடுறது யேசுவ."

"பேர் அப்பா வெச்ச ஐயா. அவர் கோவிப்பாரெண்டு மாத்தல்ல."

உம்மா சிரிப்பை அடக்க மீன் சட்டிக்குள் குனிந்துகொண்டா. விதானையாருக்கு முகம் கறுத்தது.

"ஆரார் வாறாங்க? பதிவு ஏதும் இரிக்கா?"

வேறு யாராக இருந்தாலும் இல்லை என்று சொல்லியிருப்பார்கள். நான் சொல்லியிருப்பேன். அக்கா கத்தியைக் கீழே வைத்தா.

"ஓம் ஐயா. கொப்பி ஒண்டிரிக்கி."

"எடுங்க பாப்பம்."

"அது தரேலாது."

"என்ன?"

"ஆக்கள் என்ன நம்பிச் சொன்னதுகள். தரேலாது ஐயா."

அவர் அன்றைக்குச் சத்தம் போடவில்லை. திங்கட்கிழமை கொப்பியோடு கந்தோருக்கு வரச் சொன்னார். "உங்கட காணிப் பேர்மிட் பைலும் எண்ட மேசையிலதான் கிடக்கு. யோசிச்சு வாங்க" என்றார். அந்த வளவுக்கு இருபது வருசமாகப் பேர்மிட் இல்லை. அது இல்லாவிட்டால் எந்த நேரமும் வீட்டைவிட்டு எழுப்பலாம். அந்த மூலையில் ஐஸ் கொட்டில் போட விதானையாரின் மச்சான் கேட்டுத் திரிவது ஒழுங்கைக்கே தெரியும்.

அவர் போனதும் உம்மா அக்காவின் பக்கம் திரும்பினா.

"உனக்குப் பைத்தியமா கொழுந்து?" உம்மா கத்தியைச் சட்டிக்குள் எறிந்தா. "இல்லெண்டு ஒரு சொல் சொன்னா வாய் வெந்து போயிருமா?"

"இரிக்கிறத எப்பிடி றாஹிலா இல்லெண்டு சொல்ற?"

"எண்ட பேர் அதுல இரிக்கி. எண்ட வீட்டு இலக்கம் இரிக்கி. எண்ட மச்சிக்குக் கேட்டிச்செண்டா என்ன நடக்குமெண்டு தெரியுந்தானே உனக்கு?"

"தெரியும்."

"அப்ப அடுப்புல வெச்சிரு. இப்பவே வெச்சிரு."

"வெச்சா, வெச்சனெண்டுதான் சொல்லுவன். பிறகு ஆரார்ர பேரெண்டு என்னட்டத்தான் கேப்பாங்க. அப்பயும் வாயத் தொறக்கமாட்டன். பிறகேன் எரிக்கிற? உங்கட பாசையில ஒரு சொல் சொல்லுவாயே... ஒராள் ஒண்டத் தந்து வெச்சிரு எண்டா..."

"அமானிதம்," என்றா உம்மா, கோபமாகவே.

"ஓம், அது. அதுதான் இது."

உம்மா கை கழுவாமலே எழும்பி வந்துவிட்டா. இரண்டு நாள் கதைக்கவில்லை. வேலையை மட்டும் சேர்ந்து செய்தார்கள். மீன் அதுபாட்டில் வந்துகொண்டிருந்தது.

அக்காவின் புருசன் செல்லத்தம்பி அண்ணனும் அலுத்துப்போய்விட்டார். மில்லில் மூடை தூக்கி இடுப்பு விழுந்த மனிசன். "குடுத்துத் துலைச்சிட்டு வாவன். நமக்கு இனி ஒரு வீடு கட்டேலுமா?" என்று ஒழுங்கைக்கு அந்தப் பக்கம் அவர் கேட்பது இங்கே கேட்கும். பதினைந்து நாளைக்கு ஒரு தரம் மட்டக்களப்பிலிருந்து வருகிற பாஸ்டரும் போனில், கொஞ்ச நாளைக்கு நிப்பாட்டுவம் அக்கா, காத்து மாறட்டும் என்றாராம். அக்கா, "அது உங்கட யோசின பாஸ்டர், நான் ஜெபிச்சிட்டுச் சொல்றன்" என்றாவாம். ஜெபித்தும் வேறு பதில் வரவில்லைப் போல. வியாழக்கிழமையும் அதே முகத்தோடு பீப்பாவுக்குள் உப்பை அள்ளிப் போட்டா. வெள்ளிக்கிழமை வழக்கம்போல ஜெபம் நடந்தது.

சனிக்கிழமை உச்சி நேரம் நான் ஒரு வேலை செய்தேன். அக்கா கடற்கரைக்குப் போயிருந்தா. அண்ணன் நித்திரை. கொப்பி அரிசி டின்னுக்குப் பின்னால் இருப்பது எனக்குத் தெரியும். உம்மாவின் பேர் உள்ள ஒத்தையை மட்டும் கிழித்துவிட்டால் சரி என்று போனேன். பக்கத்தைக் கண்டுபிடித்து, மேல் மூலையைக் கிழிக்கத் தொடங்கியபோது ஒத்தையின் மறுபக்கம் தெரிந்தது. அதிலும் ஒரு பேர் இருந்தது.

அந்தப் பெண்ணை எனக்கு ஞாபகம். மாசியில் ஒரு நாள், நல்ல வெயிலில், குடையால் முகத்தை மறைத்துக்கொண்டு ஓட்டோவில் வந்தவ. நல்ல சேலை. மீன் நாற்றத்துக்குள் கதிரை போடக்கூட விடாமல் நின்றுகொண்டே அழுதா. மூன்று தரம் வயிற்றில் தங்கிக் கலைந்துவிட்டதாம். புருசனுக்கு இங்கே வந்தது தெரியக்கூடாது என்றா. பேரும் வீட்டு இலக்கமும் வீதியும் சொன்னா. இலக்கத்துக்குப் பின்னால் ஒரு எழுத்தும் அதற்குப் பின்னால் இன்னொரு இலக்கமுமாக ஒரு விசித்திரமான இலக்கம். நான் இரண்டு தரம் கேட்டு எழுதினேன்.

"கிழிக்கிறண்டா கிழி புள்ள."

அக்கா வாசலில் நின்றா. தலையில் மீன் கூடை. நான் அழத் தொடங்கிவிட்டேன்.

"உண்ட உம்மாட பேர். நீ எழுதினது. நான் ஏசமாட்டன்," என்று கூடையை இறக்கினா. "ஆனா அங்கால இரிக்கிறது அந்தப் புள்ளட பேர். அதயும் கிழிச்சா, நாளைக்கு விடியப்புறம் நான் எந்தப் படலைய நினைக்கிற?"

நான் கிழிக்கவில்லை. மூலை மட்டும் கிழிந்திருந்தது. அக்கா சோற்றுப் பருக்கை ஒன்றை நசித்து அதை ஒட்டினா.

திங்கட்கிழமை அக்கா என்னைக் கூப்பிட்டா. கந்தோரில் தருகிற கடிதங்களை வாசித்துச் சொல்ல ஆள் வேண்டும். அண்ணனால் வாங்கில் இருக்க முடியாது. உம்மா மறிக்கவில்லை. "போ. அவள் என்ன சொல்றாளெண்டு பாத்து வா" என்றா. விடுமுறை நாள், பள்ளிக்கூடத்தையும் சாட்டுச் சொல்ல முடியவில்லை.

எட்டரைக்குப் போனோம். பன்னிரண்டு மணிவரை வாங்கில் வைத்திருந்தார்கள். காற்றாடி ஒரு பக்கம் மட்டும் சுற்றியது. பிறப்புப் பத்திரம், மரணப் பத்திரம் என்று வந்தவர்கள் எல்லாம் எங்களுக்குப் பிறகு வந்து எங்களுக்கு முன் போனார்கள். அக்கா பொலித்தீன் பையில் கொண்டுவந்த பாணையும் சம்பலையும் எனக்குப் பிய்த்துத் தந்தா, தான் சாப்பிடவில்லை.

"அக்கா, கொப்பி?"

மடியைத் தட்டிக் காட்டினா. சேலைக்குள் கொப்பி இருந்தது. யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். "ஏன் கொண்டு வந்த?"

"கொண்டு வரச் சொன்னாரெல்லோ."

விதானையார் உள்ளே கூப்பிட்டார். இருக்கச் சொல்லவில்லை. மூலையில் ஒரு பொலிஸ்காரர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு நின்றார். மேசையில் ஒரு கடிதம் தயாராக இருந்தது. நான் வாசித்தேன். அனுமதியின்றி வழிபாடு நடத்தியதை ஒப்புக்கொள்கிறேன். இனி நடத்தமாட்டேன். பங்குபற்றியவர்களின் விபரம் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.

"முதலாவது சரி ஐயா," என்றா அக்கா. "நடத்தினதுதான். ரெண்டாவது ஏலாது. மூண்டாவது ஏலவே ஏலாது."

"இது என்ன மீன் சந்தையா, பேரம் பேச? கொப்பி கொண்டு வந்தியா?"

போன வாரத்து 'நீங்க' போய்விட்டது.

"கொண்டு வந்திரிக்கன்."

"தா."

"கொண்டு வரச் சொன்னீங்க, கொண்டு வந்தன். தரமாட்டனெண்டு அண்டைக்கே சொல்லிற்றன் ஐயா."

பொலிஸ்காரருக்குச் சிரிப்பு வந்து, இருமலாக மாற்றினார். விதானையார் மேசையில் அடித்தார். பைல்கள் குதித்தன. ஒரு பைலுக்குக் கீழிருந்து ஒரு துண்டு வழுகி எனக்கு முன்னால் வந்து விழுந்தது. கரண்ட் பில். விதானையாரின் பேர். அதற்குக் கீழே வீட்டு இலக்கம், அதற்குப் பின்னால் ஒரு எழுத்து, அதற்குப் பின்னால் இன்னொரு இலக்கம். அந்த வீதி.

நான் இரண்டு தரம் கேட்டு எழுதிய அதே இலக்கம்.

"நல்ல குடும்பத்துப் பொம்புளைகள ஏமாத்தி எழுதி வெச்சிரிக்காய்," என்று அவர் கத்திக்கொண்டிருந்தார். "புத்தியுள்ள ஒருத்தி உன்னட்ட வருவாளா?"

என் வாய்வரை வந்துவிட்டது. ஒரு சொல் போதும். உங்கட வீட்டிலதான் ஐயா கேட்டுப் பாருங்க என்று சொன்னால் போதும். கொப்பியைப் பிறகு அவர் திறக்கவே விடமாட்டார். உம்மா தப்பிவிடுவா. வளவு தப்பிவிடும்.

"அக்கா," என்று மெல்லச் சொன்னேன், "அந்த இலக்கம்..."

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தா. உப்பில் வெடித்த விரல்கள். நசித்த நசிப்பில் எனக்கு நொந்தது.

"தெரியும் புள்ள. வாய மூடு."

"என்ன குசுகுசுப்பு?"

"புள்ள பயப்புடுது ஐயா." பிறகு அவரைப் பார்த்து, "புத்தியுள்ளவங்களும் வருவாங்க ஐயா. அழுறதுக்கு வேற இடம் இல்லாட்டி" என்றா. அவ்வளவுதான். 

அவர் பொம்பிளைப் பொலிசைக் கூப்பிடச் சொன்னார். இன்னும் ஒரு மணித்தியாலம் நின்றோம். அக்கா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றா.  ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, வியர்த்து வழிந்து ஒரு பொம்பிளைப் பொலிஸ் வந்தா. பெட்டிசத்தை வாங்கி முன்னுக்கும் பின்னுக்கும் திருப்பிப் பார்த்தா.

"இதுல ஒப்பமும் இல்ல, பேரும் இல்ல. இத வெச்சு நான் ஒராள்ர மடியில கை போடேலா ஐயா. முறையா முறைப்பாடு போட்டுக் கூப்புடுங்க."

அவ தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டுப் போய்விட்டா. விதானையார் கொஞ்ச நேரம் பேனையை மூடி மூடித் திறந்தார். பிறகு பேர்மிட் பைலை எடுத்து, ஒரு வரி எழுதி, எங்கள் பக்கம் திருப்பினார்.

"வாசி," என்றார் என்னிடம்.

"சிபாரிசு செய்யப்படவில்லை," என்று வாசித்தேன்.

"அப்பிடியெண்டா?" என்று அக்கா என்னைக் கேட்டா.

"பேர்மிட் கிடைக்காது அக்கா."

அக்கா தலையாட்டினா. விதானையார் விரலை நீட்டினார். "வெள்ளிக்கிழம அந்தக் கொட்டிலுக்க ஒரு கைதட்டுச் சத்தம் கேட்டிச்செண்டா, ஆக்களோட வந்து தகரத்தப் புடுங்குவன்."

"கேக்கும் ஐயா. கைதட்டாமப் பாட்டுப் படிக்க எங்களுக்கு வராது." கொப்பியை மடிக்குள் இறுக்கிச் செருகிக்கொண்டு சொன்னா: "மூண்டு மணிக்கு வாங்க. படலை தொறந்துதான் கிடக்கும்."

வெளியே வந்து பஸ்சுக்கு நிற்கும்போது அக்கா மதிலில் சாய்ந்து அப்படியே குந்திவிட்டா. நான் கோபத்தில் அழுதேன்.

"உனக்கு அண்டைக்கே தெரியுமா, அது அவர்ர வீடெண்டு?"

"அந்தப் புள்ள இலக்கம் சொல்லக்குள்ளயே தெரியும். அந்த வீட்டுக்கு எத்தின தரம் கருவாடு குடுத்திரிக்கன்."

"ஒரு சொல் சொல்லியிருந்தா நீ தப்பியிருப்பாயே அக்கா!"

"ஓம். நான் தப்பியிருப்பன்." கண்ணை மூடிக்கொண்டா. "அவள் இண்டைக்கு வீட்ட எப்பிடி இரிப்பாள்?"

பஸ் வரவில்லை. தூசு வாரி அடித்தது. அக்கா மடியிலிருந்து கொப்பியை எடுத்தா.

"பேனை வெச்சிரிக்கியா? அவர்ர பேர எழுது."

"ஆர்ர? விதானையார்ரயா?"

"ஓம். இலக்கம் போட்டு."

"இலக்கம்தான் முன்னமே இரிக்கே."

"அப்ப அதுக்குக் கீழ எழுது."

எழுதினேன். ஒட்டிய மூலைக்குப் பக்கத்தில், அந்தப் பெண்ணின் பேருக்குக் கீழே. மறுபக்கம் உம்மாவின் பேர். எழுத்து மட்டும் வடிவாக வரவில்லை.

செல்லத்தம்பி அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப வீடு?" என்றார். "இரிக்கிற மட்டும் இரிப்பம்" என்றா அக்கா. அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் போய், காற்றுக்குக் கிளம்பி அடித்துக்கொண்டிருந்த கொட்டில் தகரத்தின்மேல் ஒரு கல்லைத் தூக்கி வைத்தார்.

உம்மா என்னைக் கேட்டது ஒன்றுதான். "குடுத்தாளா?"

"இல்ல."

விதானையாரின் வீட்டு இலக்கத்தைப் பற்றி நான் உம்மாவிடம் சொல்லவில்லை. இவ்வளவு சொல்கிற நான் அந்தப் பேரையும் இலக்கத்தையும் இதிலும் எழுதமாட்டேன். பேர்மிட் பைலில் எழுதியதை மட்டும் உம்மாவிடம் சொன்னேன். உம்மா கேட்டுக்கொண்டே கத்தியின் செதிலைச் சுரண்டினா. சுரண்டி முடிந்த பிறகும் சுரண்டினா.

செவ்வாயும் புதனும் போனது. இன்றைக்கு மஃரிப் தொழுகை முடிந்த பிறகு பாத்தும்மா மாமி வந்து, நாளைக்குப் பொலிஸ் வருதாமே, நீ படலையப் பூட்டிற்று உள்ளுக்கு இரி என்று உம்மாவுக்குச் சொல்லிவிட்டுப் போனா. உம்மா சோறும் சூடைமீன் ஆணமும் போட்டு வைத்துவிட்டு, எங்களோடு இருந்தா, சாப்பிடவில்லை.

"நாளைக்குப் பீப்பாவுல எவ்வளவு மீன் இரிக்கி?" என்று என்னைக் கேட்டா.

"ரெண்டு கூடை. விடிய பரப்பணும்."

"நல்ல வெயில். மூணு மணிக்குப் புரட்டாட்டிப் பழுதாப் போகும்."

"நாளைக்கு வெள்ளிக்கிழம உம்மா. நாலு மணிக்குத்தானே நீங்க புரட்டப் போற?"

உம்மா பஸாலின் வாயைத் துடைத்துவிட்டா. அவன் துள்ளிக்கொண்டு ஓடினான்.

"மூணு மணிக்குப் புரட்டணும்," என்றா. "நான் ஜெபத்துக்குப் போகல்ல. என்னத்துக்கு வந்த எண்டு ஆரும் கேட்டா கருவாடு புரட்ட வந்த எண்டுதான் சொல்லுவன். அது பொய்யில்லதானே?"

"இல்ல."

"நீயும் வா. ஒராளால புரட்டி முடியாது."

பக்கத்து அறையில் உம்மா இன்னும் நித்திரை கொள்ளவில்லை. காற்று விழவில்லை. எதிர் வளவில் தகரம் அடிக்கிற சத்தம் மட்டும் கேட்கவில்லை, அண்ணன் வைத்த கல் இருக்கிறது. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. மூன்று மணிக்கு நான் எந்தப் பக்கம் முகம் வைத்துக் கருவாடு புரட்டுவேன் என்று யோசித்துப் பார்த்தேன். பரணில் எந்தப் பக்கம் நின்றாலும் அக்கா திறந்து வைக்கிற படலை தெரியும்.